மியாட்டாவுக்கு மாற்று கியர்பாக்ஸ்: ஐந்தா, ஆறா?

என்னுடைய 1991ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா என்ற திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரின் இரண்டாம் கியர் கடந்த அக்டோபரில் என்னை முழுமையாகக் கைவிட்டது. அது ஒரே நாளில் நடந்ததல்ல. மூன்று ஆண்டுகளாகவே குளிரான காலைகளில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு அந்தக் கியர் விழ மறுக்கும். ஆயில் சூடேறியதும் சரியாகிவிடும். பிறகு சூடேறிய பின்னும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று உரசத் தொடங்கியது. கடைசியாக, கனடாவின் மோஸ்போர்ட் பந்தயத் தடத்தில், மோஸ் கார்னர் எனப்படும் ஐந்தாம் வளைவில், இரண்டாம் கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வளைவின் நடுவில் எஞ்சின் தொடர்பு அறுந்து கார் மிதப்பது போன்ற அந்த உணர்வை நான் இன்னொரு முறை அனுபவிக்க விரும்பவில்லை. அன்றைக்கே காரை மெதுவாக டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு ஓட்டி வந்து நிறுத்திவிட்டேன். பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவும் மாதங்களில் இந்தக் காரை நான் எப்படியும் வெளியே எடுப்பதில்லை என்பதால், முடிவெடுக்க எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் இருந்தது.

கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் கிளட்சைப் பார்த்துவிட வேண்டும். மியாட்டாவின் கிளட்ச் ஹைட்ராலிக் வகையைச் சேர்ந்தது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருந்து கிளட்சைத் தள்ளி விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசியத் தொடங்கினால் கிளட்ச் முழுமையாக விலகாது. அப்போது எல்லாக் கியர்களுமே முரண்டு பிடிக்கும், ரிவர்ஸ் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கத்தும். என் காரில் மற்ற நான்கும் வெண்ணெய் போல விழுந்தன, இரண்டு மட்டும்தான் தகராறு செய்தது. ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அது பெரும்பாலும் சிங்க்ரோ வளையத்தின் தேய்மானம். கூம்பு வடிவிலான அந்தச் சிறிய பித்தளை வளையம் கியரின் கூம்பின் மீது உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிய பிறகே பற்கள் இணைய வழிவிடும். அதன் உட்புறத்து மெல்லிய வரிகள் தேய்ந்துவிட்டால் வேகம் சமமாகும் முன்பே பல்லும் பல்லும் மோதிக்கொள்ளும். மோதி மோதி அந்தப் பற்களின் முனை மழுங்கியதும் கியர் துள்ளத் தொடங்கும். அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினியில் முதல் கியருக்குச் சிங்க்ரோவே கிடையாது, வண்டி முழுதாக நிற்காமல் அதைப் போடக் கூடாது என்று எனக்குப் பதினைந்து வயதில் சொல்லித் தந்தார். அந்தப் பழக்கத்தினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியூட்ரலில் ஒரு முறை, கியரில் ஒரு முறை என இரட்டைக் கிளட்ச் மிதித்து ஒரு கோடை காலத்தை ஓட்டிவிட்டேன். ஆனால் துள்ளும் கியருக்கு எந்தக் கால் வித்தையும் உதவாது.

இருக்கும் பெட்டியையே பிரித்துச் சரிசெய்யலாமா என்ற கேள்வியில் நான் அதிக நாட்களைச் செலவிடவில்லை. இரண்டாம் கியரின் சிங்க்ரோவை மட்டும் மாற்ற வேண்டுமென்றாலும் பெட்டியை முழுதாகப் பிரித்து, ஷாஃப்டிலிருந்து பேரிங்குகளைப் பிரஸ்ஸில் வைத்துக் கழற்ற வேண்டும். அவ்வளவு தூரம் போனவர் பழைய பேரிங்குகளையும் சீல்களையும் திரும்பப் போட மனம் ஒப்பமாட்டார். மழுங்கிய பற்கள் உள்ள கியரையும் மாற்ற வேண்டியிருக்கும். நல்ல நிலையிலுள்ள பழைய பெட்டி ஒன்றின் விலையை அந்தச் செலவு எளிதில் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டதும் அந்த வழியை மூடிவிட்டேன்.

மீதி இருந்தது உண்மையான கேள்வி. அதே ஐந்து கியர் பெட்டியா, பின்னால் வந்த ஆறு கியர் பெட்டியா?

1989இல் வெளிவந்த முதல் தலைமுறை மியாட்டா ஐந்து கியர் பெட்டியோடுதான் வந்தது. இரண்டாம் தலைமுறைக் காருக்கு ஐசின் நிறுவனம் தயாரித்த ஆறு கியர் பெட்டியும் கிடைத்தது; வட அமெரிக்காவில் அது 1999இன் பத்தாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பில் முதலில் வந்து, 2001 முதல் பரவலாகக் கிடைத்தது. நிசான் சில்வியா எஸ்15, டொயோட்டா அல்டெஸா ஆகிய கார்களில் இருந்த பெட்டிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். எஞ்சினோடு இணையும் முன்பகுதியான பெல் ஹவுசிங் பழைய 1.6 லிட்டர் எஞ்சினுடன் அப்படியே பொருந்தும் என்பதால், ஆறு கியர் என்ற ஆசை மியாட்டா வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் வரும். எனக்கும் வந்தது. ஒரு மாதம் முழுக்க அந்த ஆசையோடுதான் விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆசையை அடக்கியது ஒரு தாளில் நான் எழுதிப் பார்த்த விகிதங்கள், அதாவது பெட்டியிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட் ஒரு முறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்கள். ஐந்து கியர் பெட்டியின் விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. ஆறு கியர் பெட்டியின் விகிதங்கள் 3.760, 2.269, 1.645, 1.257, 1.000, 0.843. ஆறாவது கியர் என்றால் நெடுஞ்சாலையில் எஞ்சின் இன்னும் நிதானமாகச் சுற்றும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எண்கள் அதற்கு நேர்மாறாக இருக்கின்றன. புதிய பெட்டியின் ஆறாவது கியர் பழைய பெட்டியின் ஐந்தாவதைவிடக் குட்டையானது, அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். என் காரில் பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கிரவுன்-பினியன் விகிதம் 4.30, டயர் 185/60 அளவிலான 14 அங்குல டயர். இந்தக் கணக்கில் 100 கி.மீ. வேகத்தில் ஐந்து கியர் பெட்டியுடன் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,200 சுற்றுகள் சுற்றும். ஆறு கியர் பெட்டியை மட்டும் மாட்டி, டிஃபரன்ஷியலைத் தொடாமல் விட்டால் அது 3,300ஐத் தாண்டிவிடும். 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கூரையைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு, கூடுதலாக ஒரு கியருக்குக் காசு கொடுத்து இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்ட கதையாக அது முடியும்.

நகரத்துக்குள்ளும் தொல்லை உண்டு. 3.760ஐ 4.30ஆல் பெருக்கினால் முதல் கியரின் மொத்த விகிதம் 16ஐத் தாண்டுகிறது. 7,000 சுற்றுகளை எஞ்சின் தொடும்போது கார் 47 கி.மீ. வேகத்தில்தான் இருக்கும். பழைய பெட்டியில் அதே முதல் கியர் 56 கி.மீ. வரை இழுக்கும். சிக்னலில் இருந்து கிளம்பி ஒரு சந்திப்பைக் கடப்பதற்குள் இரண்டுக்கு மாற்றியாக வேண்டும். இரண்டாம் கியரும் 78 கி.மீ.யில் முடிந்துவிடும், பழைய பெட்டியிலோ அது 94 கி.மீ. வரை போகும்.

மாஸ்டாவின் பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆறு கியர் பெட்டியைக் கொடுத்த கார்களில் பெரும்பாலும் 3.909 போன்ற, எண் குறைந்த, அதாவது நீண்ட டிஃபரன்ஷியல் விகிதத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தச் சேர்க்கையில் எல்லாம் சரியாக அமைகிறது: 100 கி.மீ.யில் எஞ்சின் ஏறத்தாழ 3,000 சுற்றுகளுக்கு இறங்குகிறது, இரண்டாம் கியர் 86 கி.மீ. வரை நீள்கிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையிலான இறக்கமும் குறைகிறது. ஆக, ஆறு கியர் பெட்டி என்பது தனிப்பொருளன்று. தன் டிஃபரன்ஷியலோடு சேர்த்து யோசிக்கப்பட்ட பாதிப் பொருள். மறுபாதியை என் காரில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்தபோதுதான் சங்கிலி நீண்டது. 1990 முதல் 1993 வரையிலான 1.6 கார்களில் இருப்பது 6 அங்குலக் கிரவுன் வீல் கொண்ட சிறிய டிஃபரன்ஷியல். 3.909 விகிதம் கிடைப்பது 1.8 லிட்டர் கார்களின் 7 அங்குல டிஃபரன்ஷியலில். அதை மாட்ட வேண்டுமென்றால் அதற்குரிய புரொப்பெல்லர் ஷாஃப்டும் இரு பக்க ஆக்ஸில் ஷாஃப்டுகளும் வேண்டும். கியர்பாக்ஸ் வாங்கக் கிளம்பியவன் காரின் பின்பாதியையே வாங்க வேண்டிய நிலை.

ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருப்பவர். என் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு அவர் கேட்டது இது ஒன்றுதான்: "தம்பி, நீர் கியர்பொக்ஸ மாத்தப் போறீரோ, காரை மாத்தப் போறீரோ?" நான் பதில் சொல்லவில்லை. அவர் தொடர்ந்தார்: "எஞ்சின் எவ்வளவு இழுக்கும் எண்டு முதல் பாரும். பிறகு எத்தினை கியர் எண்டு யோசிக்கலாம்."

அவர் சொன்னது சரி. என் எஞ்சின் 6,500 சுற்றுகளில் 116 குதிரைத்திறனும், 5,500 சுற்றுகளில் 136 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தருவது. டர்போ கிடையாது, போடும் எண்ணமும் கிடையாது. ஆறு கியர் பெட்டி கூடுதல் வலுவானது என்பது உண்மை. டர்போ பொருத்தி முறுக்கு விசையைப் பெருக்கியவர்களின் கார்களில் ஐந்து கியர் பெட்டியின் பற்கள் உடைவது அடிக்கடி நடப்பதுதான். அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் இந்தப் பதிவின் முடிவைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஆறு கியரும் 7 அங்குல டிஃபரன்ஷியலும் அவசியமே. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும் 1.6 எஞ்சினால் ஐந்து கியர் பெட்டியை உடைப்பது கடினம். எடையிலும் ஆறு கியர் பெட்டி கூடுதல்தான். ஒரு டன்னுக்கும் குறைவான காரில் அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

பந்தயத் தடத்துக்காவது ஆறு கியர் உதவுமா என்று பார்த்தேன். மோஸ்போர்ட் ஏறத்தாழ 3.96 கி.மீ. நீளம், பத்து வளைவுகள். அங்கே மிக மெதுவான இடம் மோஸ் கார்னர்தான். அதிலிருந்து நான் 65 கி.மீ. வேகத்தில் வெளியே வருகிறேன் என்று வைத்துக்கொண்டால், ஐந்து கியர் பெட்டியின் இரண்டாம் கியரில் எஞ்சின் 4,800 சுற்றுகளில் இருக்கும், மூன்றாவதில் 3,400. முறுக்கு விசை 5,500இல் உச்சம் தொடும் எஞ்சினுக்கு மூன்றாவது கியர் அந்த இடத்தில் செத்துக் கிடக்கும். இரண்டாவது சரியாகப் பொருந்தும், பிறகு 94 கி.மீ. வரை இழுத்துக்கொண்டே போகலாம். அதற்குப் பின் வரும் நீண்ட நேர்ப்பாதையில் மூன்றாவது 133 கி.மீ. வரை போகும்; நான்காவதின் எல்லை 177 கி.மீ. என்றாலும் என் கார் அதைத் தொடுவதற்குள் பாதை முடிந்துவிடுகிறது. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்று கியர்களிலேயே முழுச் சுற்றும் அடங்கிவிடுகிறது. ஆறு கியர் பெட்டி இந்த மூன்றின் இடத்தில் நான்கு கியர்களைத் தரும். எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகத் தன் உச்சத்துக்கு அருகில் இருக்கும். அதற்கு ஈடாகச் சுற்று ஒன்றுக்கு மேலும் சில முறை நான் லிவரைத் தொட வேண்டும். நொடிகளை எண்ணிப் பந்தயம் ஓட்டுபவருக்கு அது பயனுள்ள பரிமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அது எண்களில் வராது. மியாட்டாவின் ஐந்து கியர் பெட்டியில் லிவர் கம்பியோ கேபிளோ இல்லாமல் நேரடியாகப் பெட்டியின் மேலேயே நிற்கிறது. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், 'டக்' என்று விழும். நல்ல நிலையில் உள்ள ஐந்து கியர் பெட்டியில் மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும் அந்த அசைவுக்காகத்தான் நான் இந்தக் காரை வாங்கினேன். நண்பர் ஒருவரின் 2003ஆம் ஆண்டு ஆறு கியர் காரை ஓட்டிப் பார்த்தேன். துல்லியமாகத்தான் இருந்தது, ஆனால் குளிரில் கையை எதிர்த்தது, லிவர் செல்லும் தடங்களும் நெருக்கமாக இருந்தன. இது என் கையின் தீர்ப்பு, வேறொருவரின் கை வேறு சொல்லலாம்.

ஐந்து என்று முடிவானதும் எந்த ஆண்டுப் பெட்டி என்ற கேள்வி வந்தது. இதில் மாஸ்டா நமக்கு நிறைய வசதி செய்து வைத்திருக்கிறது: 1990 முதல் 2005 வரையிலான ஐந்து கியர் பெட்டிகள் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளக் கூடியவை. 1.6 காரின் கிளட்ச் பிளேட் 200 மி.மீ., 1.8 காருடையது 215 மி.மீ. என்றாலும், 1.8 காரிலிருந்து எடுத்த பெட்டி என் 200 மி.மீ. கிளட்சோடு அப்படியே வேலை செய்யும். கவனிக்க வேண்டியது ஸ்பீடோமீட்டர். முதல் தலைமுறையில் அது கேபிளில் ஓடுவது. இரண்டாம் தலைமுறையில் மின் சென்சார். புதிய பெட்டியின் சென்சாரைக் கழற்றிவிட்டு, பழைய பெட்டியிலிருந்த சிறிய பிளாஸ்டிக் கியருடன் கூடிய கேபிள் இணைப்பை அதில் போட்டுவிட வேண்டும். அந்தச் சிறு கியரின் பல் எண்ணிக்கை நம்முடைய டிஃபரன்ஷியல் விகிதத்துக்கு ஏற்றதாக இருப்பதும் முக்கியம், இல்லையென்றால் முள் பொய் சொல்லும்.

முதலில் வாங்கிய பெட்டியில் நான் ஏமாந்தேன். பழைய பாகங்கள் விற்கும் ஓரிடத்தில், குறைவாக ஓடிய கார் என்று உறுதியாகச் சொல்லி விற்றார்கள். வெளிப்புறம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தபோது உள்ளே ஆயிலே இல்லை, பிளக்கின் காந்தத்தில் ஊசி நுனியளவு எஃகுச் சில்லுகள் ஒட்டியிருந்தன. திரும்பக் கொடுக்கப் போனபோது பாதிப் பணம்தான் கிடைத்தது. அந்தப் பாதிப் பணத்துக்கு நான் கற்றதைக் கீழே எழுதுகிறேன், வேறு யாரும் அதைக் கட்ட வேண்டாம்.

பெட்டியை விற்பவர் முன்னாலேயே டிரெயின் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியிருந்தால் அது இயல்பு; விரல்களுக்கு இடையில் தேய்த்தால் மாவு போலக் கரைய வேண்டும், நெருடக் கூடாது. ஆயிலைச் சிறிது வெள்ளைத் தாளில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன் தூள் போல மினுமினுத்தால் அது சிங்க்ரோவின் பித்தளை. கழற்றிய பெட்டியில் ஆயில் இல்லை என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டை உருவும்போது பின்பக்கம் வழியாக வழிந்திருக்கலாம், அது குற்றமன்று. ஆனால் எந்த ஆயிலுமே இல்லாத பெட்டியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதால் நான் இனி வாங்க மாட்டேன். பிறகு எஞ்சின் பக்கத்து முனையான இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், கடகடவென்று ஆடக் கூடாது. அதைக் கையால் சுற்றும்போது பேரிங்கில் மணல் அரைபடும் உணர்வு இருக்கக் கூடாது. ஷாஃப்டின் மீதும் பின்பக்க முனையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றுங்கள். நான்காவதில் உள்ளே ஒரு சுற்றுக்கு வெளியே ஒரு சுற்று. முதலாவதில் உள்ளே மூன்று சுற்றுக்குச் சற்று அதிகம். மூன்றே முக்கால் சுற்று வந்தால் உங்கள் கையில் இருப்பது ஆறு கியர் பெட்டி.

இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிய பெட்டி, பின்பக்கம் மோதி நொறுங்கிய 2002ஆம் ஆண்டுக் காரிலிருந்து கிடைத்தது. ஏப்ரல் மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் அதை மாட்டினோம். மியாட்டாவின் கியர்பாக்ஸ் பாடியுடன் தனியாக இணைக்கப்படுவதில்லை. அலுமினியத்தாலான ஒரு நீண்ட சட்டம் அதை டிஃபரன்ஷியலோடு இணைத்துப் பிடித்திருக்கிறது. அதைத் திரும்ப மாட்டும்போது பெட்டியின் வாலை ஜாக்கில் தாங்கி, உயரத்தை அளந்து சரிசெய்த பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். சற்றுத் தவறினால் கார் முழுக்க அதிர்வு வரும். பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சினின் பின்புற ஆயில் சீல், கசிவதற்குக் காத்திருந்த ஸ்லேவ் சிலிண்டர் ஆகிய அனைத்தையும் மாற்றிவிட்டோம். லிவரின் அடியில் தனியாக ஒரு சிறு அறை இருக்கிறது. பெட்டியின் ஆயில் அங்கே போகாது, ஏறத்தாழ 90 மில்லி ஆயிலை மேலிருந்து தனியாக ஊற்ற வேண்டும். பழைய பெட்டியில் அந்த அறை காய்ந்து கிடந்தது, மேலே இருந்த ரப்பர் பூட் கிழிந்து தொங்கியது. கோடையில் என் வலது முழங்கால் ஏன் வெந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

பெட்டிக்கு 2 லிட்டர் 75டபிள்யூ-90 ஆயில், ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 ஆயில்களில் பலவற்றிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளைக்கு ஆகாது என்பதால் அந்த விஷயத்தில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

முதல் 1,000 கி.மீ. ஓடியதும் ஜூன் மாதத்தில் ஆயிலை வடித்துப் பார்த்தேன். அந்த மெக்கானிக் அண்ணனும் குனிந்து காந்தத்தை விரலால் வழித்தெடுத்துத் தேய்த்துப் பார்த்தார். சாம்பல் பசை மட்டும்தான் இருந்தது. வெள்ளைத் தாளில் ஊற்றிய ஆயிலில் ஒரு மினுமினுப்பும் இல்லை. புது ஆயிலை ஊற்றி, பிளக்கை இறுக்கி, அன்று மாலையே சொந்தக் காரைத் தடத்தில் ஓட்ட விடும் மோஸ்போர்ட்டின் அடுத்த டிராக் டேவுக்குப் பெயர் கொடுத்தேன்.